பேரை மட்டும் மாத்துங்க

சில வருடங்களுக்கு முன்னால் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு திரைக்கதைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்காரர். சென்னையில் உதவி இயக்குநர், இணை இயக்குநர் என்று இருபது வருடம் ஓட்டியவர். முதல் படத்துக்காக ஒரு குற்றக்கதை எழுதி வைத்திருந்தார். கடல் அட்டை கடத்தல், அதில் ஒரு கொலை. கடல் அட்டையைப் பிடிக்க 2001 முதல் தடை இருக்கிறது. எங்கள் ஊர்ச் செய்தித்தாளில் மாதத்துக்கு இரண்டு முறையாவது அது வரும். கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பிரதிகளைப் படித்திருக்கிறேன்.

"தயாரிப்பாளர் பக்கத்துல படிச்சிட்டாங்க தம்பி. கத பிடிச்சிருக்காம். பேர மட்டும் மாத்தச் சொல்லுதாங்க. நீ புஸ்தகம் படிக்கிற ஆளு, ஒக்காந்து நாலு நல்ல பேராப் போட்டுக் குடு" என்றார்.

நான் சினிமாக்காரன் இல்லை. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. எங்கள் தொழிலில் பெயரை மாற்றுவது என்றால் என்ன என்று தெரியும். பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு பெறுபவரின் பெயர் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் கண்டெய்னர் துறைமுகத்தை விட்டு வெளியே வராது. திருத்தம் போடவேண்டும், அதற்குக் கட்டணம் கட்டவேண்டும், அதுவரை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். கதையில் அப்படி என்ன ஆகிவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

கதையின் வில்லன் ஒரு சம்மாட்டி, அதாவது வள்ளங்களின் சொந்தக்காரர். பெயர் மிக்கேல் மோத்தா. எங்கள் கடற்கரையில் பரதவர் வீடுகளில் மோத்தா, மச்சாடோ, ரொட்ரிகோ, கொரேரா, பர்னாந்து என்ற பெயர்கள் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்ததிலிருந்து இருக்கின்றன. மோத்தா என்று வில்லனுக்கு வைத்தால் கடற்கரையிலிருந்து எதிர்ப்பு வரும் என்பது தயாரிப்பாளர் தரப்பின் பயம். நியாயமான பயம்தான். மோத்தாவை முத்துக்குமார் ஆக்கினோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரவு முழுக்கதையையும் மறுபடி படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கதையில் துப்புத் துலங்குவது ஒரே ஓர் இடத்தில். கொலை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு மோத்தாவின் வள்ளம் மட்டும் கரையில் இல்லை. பூசை முடித்துவந்த ஒரு கிழவி அதைப் பார்த்திருக்கிறாள். மோத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கடலில் என்ன வேலை? கதையின் முடிச்சே அதுதான். முத்துக்குமாரின் வள்ளம் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனால் அதை யார் கவனிப்பார்கள்? கண்ணால் பார்த்த ஒரே சாட்சி வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம், மோத்தா அவனுக்கு ஞானத்தகப்பன் என்பது. முத்துக்குமாருக்கு ஞானப்பிள்ளை ஏது? சாட்சியைத் தாய்மாமன் மகனாக்கினோம். பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு வில்லன் ரகசியமாக ஊர் திரும்புவதைத் திருச்செந்தூர் சூரசம்காரத்துக்கு மாற்றினோம். ஒரு வாரத்தில் பெயர்கள் எல்லாம் பொருந்திவிட்டன. கதை செத்துப்போனது.

அப்போதுதான் ‘கர்ணன்’ திரைப்படத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியது. தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த ஓர் உண்மைக் குற்றத்தை வைத்து, ஊர், ஆள், ஆண்டு என்று எல்லாவற்றின் பெயரையும் மாற்றி எழுதிய திரைக்கதை அது. சில மாற்றங்களை இயக்குநரே விரும்பிச் செய்தார். சிலவற்றை மற்றவர்கள் செய்யவைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரிகிறது. என் மேசையில் கிடந்த செத்த கதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

*

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பேருந்தில் ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் இடையே தகராறு வந்தது. அது தென்மாவட்டங்களில் சாதி மோதலாகப் பரவியது. ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் கொடியன்குளத்துக்குள் நுழைந்தார்கள். அது ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில், தேவேந்திரகுல வேளாளர்கள் வாழும் ஊர். வீடுகளை உடைத்தார்கள். டி.வி.க்களை நொறுக்கினார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் இருந்த ஊர் அது. பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். ஊர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. ‘பஸ் ஓடுதா’ என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் அம்மா எங்களை வெளியே அனுப்புவாள். கொடியன்குளம் என்ற பெயரைப் பெரியவர்கள் குரல் தாழ்த்திச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021 ஏப்ரல் 9 அன்று வெளியானது. மறுநாள் தியேட்டரில் பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி. அந்தப் பாதியில் ஒருவனாகப் பார்த்தேன். படத்தில் ஊரின் பெயர் பொடியன்குளம்.

ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது. கொ பொ ஆகியிருக்கிறது. யாருக்கும் புரியாமல் இருக்க வைத்த பெயர் இல்லை. எல்லாருக்கும் புரியவேண்டும், ஆனால் இதுதான் என்று யாரும் விரலை வைத்துச் சொல்லிவிடக்கூடாது என்ற பெயர். சட்டப் பாதுகாப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த எழுத்து மாறியதால் திரைக்கதைக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. கொடியன்குளம் என்று வைத்திருந்தால் அன்று எத்தனை போலீசார் வந்தார்கள், எத்தனை வீடு உடைந்தது என்ற கணக்கை மீறமுடியாது. பொடியன்குளத்தில் நடுரோட்டில் வலிப்பு வந்து சாகும் சிறுமி தெய்வமாகி ஊரைச் சுற்றிவரலாம். முன்னங்கால் கட்டப்பட்ட கழுதை கதையின் பாத்திரமாக வரலாம். பேருந்து நிறுத்தமே இல்லாத ஊர் என்ற ஒற்றை உருவகத்துக்குள் பல ஊர்களின் அவமானத்தைக் கொண்டுவரலாம். இந்தப் பெயர் மாற்றம் கதையைக் கொடியன்குளத்திலிருந்து தள்ளிவைக்கவில்லை. கொடியன்குளத்தை இன்னும் பத்து ஊருக்கு விரித்தது. இதே இயக்குநர் 2025-இல் ‘பைசன்’ படத்தில் மணத்தியை வனத்தி ஆக்கியபோதும் அதே ஓரெழுத்து வித்தைதான்.

நம் இலக்கியத்தில் இது புதிதில்லை. உவரிக் கடற்கரையை அறிந்தவர்கள் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் வரும் ஆமந்துறை எது என்று கேட்கமாட்டார்கள். இன்னொரு உதாரணம் எங்கள் மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டிக் கரிசலில் இருக்கிறது. பூமணி 1982-இல் எழுதிய ‘வெக்கை’யில் கொலைசெய்யப்படுபவனின் பெயர் வடக்கூரான். வடக்கூர்க்காரன், அவ்வளவுதான். அந்தப் பெயரில் சாதி இல்லை, திசைதான் இருக்கிறது. ஆனால் அவன் யார், அவனுக்கு ஊரில் என்ன செல்வாக்கு, ஒரு பதினைந்து வயதுப் பையன் அவனை வெட்டினால் ஏன் குடும்பமே காட்டுக்குள் ஓடவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. 2019-இல் அது ‘அசுரன்’ ஆனபோது கதையில் எவ்வளவோ சேர்த்தார்கள். கீழ்வெண்மணியை நினைவூட்டும் ஒரு தீவைப்பு கூட வந்தது. வடக்கூரான் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. கதைக்குள் இருக்கிற மனிதர்கள் கூப்பிடுகிற பெயர் அது. வெளியிலிருந்து ஒட்டிய பெயர் இல்லை. அதனால் பிடுங்கவும் முடியாது.

*

‘கர்ணன்’ படத்தின் ஆள் பெயர்களுக்கு வருகிறேன். நாயகன் கர்ணன், நாயகி திரௌபதை, ஊர்ப் பெரியவர் துரியோதனன், இன்னொரு பெரியவர் யெமன், அபிமன்யுவும் உண்டு. எதிரே நிற்கும் போலீஸ் அதிகாரி கண்ணபிரான். மகாபாரதத்தில் யார் பக்கம் தர்மம் என்று சொல்லப்பட்டதோ, அந்தப் பக்கத்தின் பெயர் இங்கே அடிக்கிறவனுக்கு. தோற்றவர்களின் பெயர்கள் அடிபடுகிறவர்களுக்கு. இது பள்ளிக்கூட நாடக உத்தியாக, வெறும் தலைகீழாக்கமாக முடிந்திருக்கலாம். அப்படி ஆகாமல் காப்பாற்றுவது காவல் நிலையக் காட்சி.

பேருந்தை உடைத்த வழக்கில் ஊர்ப் பெரியவர்கள் நிலையத்துக்குப் போகிறார்கள். கண்ணபிரானுக்கு அவர்கள் செய்த குற்றத்தைவிட அவர்களுடைய பெயரும், தலைப்பாகையும், குனியாத முதுகும்தான் உறுத்துகின்றன. இந்த ஊர்க்காரனுக்கு இந்தப் பெயர் எதற்கு என்பதுதான் கோபம். அதற்காகவே அடிக்கிறார். பெயர் வைத்ததே குற்றம். அந்த இடத்தில் திரைக்கதையாசிரியர் பாத்திரங்களுக்குச் சூட்டிய பெயர்கள் கதைக்குள்ளே ஒரு சம்பவம் ஆகிவிடுகின்றன. துரியோதனன் என்ற பெயரை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். பெரியவர்கள் அடிவாங்கக் காரணம் இருக்காது. அவர்கள் அடிவாங்காவிட்டால் கர்ணன் காவல் நிலையத்தை உடைக்கமாட்டான். அவன் உடைக்காவிட்டால் போலீஸ் ஊருக்குள் வராது. எங்கள் மோத்தாவின் வள்ளம் போலவே இதிலும் முழு முடிச்சும் ஒரு பெயரில் தொங்குகிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் பெயருக்காக அடித்துக்கொண்டது சினிமாக் கற்பனை இல்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தளபதி. ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கவர்னகிரிக்காரர். தேவேந்திரகுல வேளாளர் கொண்டாடும் வீரர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு சொன்னது. கலவரம் ஆனது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. 1986-இல் சிதம்பரனார் மாவட்டம் என்று பிறந்த எங்கள் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது இப்படித்தான். வ.உ.சி. பிறந்ததும் ஒட்டப்பிடாரம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் அதே வட்டாரம். சுந்தரலிங்கம், கட்டபொம்மன், சிதம்பரனார் மூவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒருவர் பெயரைச் சுமக்கமாட்டேன் என்று சொன்னதற்காக மூவர் பெயரும் போயின.

அது ஒரு நல்ல தீர்வு என்று சொல்பவர்கள் உண்டு. கலவரம் அடங்கியது, உண்மை. ஆனால் பேருந்தில் பெயரை அழித்ததால் பேருந்து நிற்காத ஊரில் நின்றுவிடவில்லை. கதையை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிய வேலைதான் அதுவும்.

*

இனி, படத்தை மற்றவர்கள் மாற்றவைத்த இடங்கள்.

வெளியீட்டுக்கு முன்பே ஒரு பாடல் வந்தது. ‘பண்டாரத்தி புராணம்’ என்று தலைப்பு. இறந்துபோன ஒருத்தியைப் பற்றிய பாட்டு. பண்டாரத்தி என்ற சொல்லுக்கு எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. பாடல் ‘மஞ்சனத்தி புராணம்’ ஆனது. மஞ்சனத்தி என்பது மரத்தின் பெயர், நுணா. காதுக்கு இனிமைதான், மெட்டிலும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் பண்டாரத்தி என்பது ஒரு சாதியின் பெண்பால் பெயர். அந்தப் பெயர் இருந்தவரை அந்தப் பாட்டுக்குள் சாதி கடந்த ஒரு காதல் இருந்தது. அவள் யார், பாடுகிறவன் யார், ஏன் இது புராணம் ஆகவேண்டியிருந்தது என்பதெல்லாம் தலைப்பிலேயே இருந்தது. மரமாக மாறியதும் அவள் வெறுமனே அழகானவள் ஆகிவிட்டாள். இயக்குநரைக் குறைசொல்ல மாட்டேன். யாரையும் புண்படுத்த எண்ணாதபோது விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. விட்டுக்கொடுத்ததில் என்ன போனது என்பதைக் கணக்கில் எழுதிவைக்கவேண்டியது விமர்சகனின் வேலை. எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது மாற்றம் படம் வெளியான பிறகு வந்தது. தொடக்கத்தில் கதை நடக்கும் காலமாக 1997 என்ற ஆண்டு இருந்தது. கொடியன்குளம் நடந்தது 1995, அ.தி.மு.க. ஆட்சியில், 1997 என்றால் தி.மு.க. ஆட்சியில் நடந்ததாக ஆகிவிடும் என்று அப்போது தி.மு.க. இளைஞரணிச் செயலாளராக இருந்த உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டினார். சில நாட்களில் மாற்றினார்கள். 1997 போய், 90களின் பிற்பகுதி என்று வந்தது.

கணக்குப் பாருங்கள். 1995 பத்தாண்டின் நடு. பிற்பகுதி என்றால் 1996-இலிருந்து. ஆட்சி மாறியது 1996 மே மாதம். ஆக, திருத்திய பிறகும் சம்பவம் சரியான ஆட்சியில் உட்காரவில்லை. பிழை அப்படியே இருக்கிறது. முன்பு அது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பிழை. இப்போது குறிப்பில்லாத பிழை.

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 1997 என்றே விட்டிருந்தால் நான் அதற்காக வாதாடியிருப்பேன். இது கொடியன்குளம் இல்லை, பொடியன்குளம். பேருந்தை மையமாக வைத்த கதை. பெயருக்காக அடிவாங்குகிற கதை. பேருந்தில் எழுதியிருந்த ஒரு பெயருக்காக இதே தென்மாவட்டங்கள் எரிந்த ஆண்டு 1997. கற்பனை ஊருக்கு அந்த ஆண்டை வைத்தது அறிந்தோ அறியாமலோ மிகச் சரி. இல்லை, இது 1995-இன் கதைதான் என்று சொன்னால் 1995 என்று போட்டிருக்கவேண்டும். அதற்கும் நான் கைதட்டியிருப்பேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் திரைக்கதைக்கு ஒரு நிலைப்பாடு இருந்திருக்கும். 90களின் பிற்பகுதி என்பது கற்பனைக்கும் சொந்தமில்லை, வரலாற்றுக்கும் சொந்தமில்லை. அது பயத்தின் தேதி.

ஊரின் பெயரை மாற்றுவதும் ஆண்டை மாற்றுவதும் ஒன்றில்லை என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது. ஊரின் பெயரை மாற்றினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு மறைப்பு கிடைக்கிறது. படம் வந்த மறுநாள் கேமராக்கள் அவர்கள் வாசலில் போய் நிற்காமல் இருக்க அது கொஞ்சமாவது உதவும். ஆண்டு அப்படி இல்லை. போலீசை ஊருக்குள் அனுப்பிய கையெழுத்து யாருடையது என்று சொல்வது ஆண்டு ஒன்றுதான். அதை மங்கலாக்கினால் மறைவது ஊர்க்காரர்கள் இல்லை, நாற்காலிகள். கண்ணபிரான் என்ற ஒரு தனிமனிதரின் கொடூரம் மட்டும் மிச்சமாகிறது. அவருக்கு மேலே யார் இருந்தார்கள் என்பது படத்தில் இல்லை.

*

பெயரும் ஆண்டும் போக, கதையின் முடிவும் மாறியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் நானும் கைதட்டியவன்தான். கர்ணன் வாளோடு திரும்பிவந்து கண்ணபிரானைக் கொல்கிறான். சிறைக்குப் போகிறான். பல வருடம் கழித்து வருகிறான். ஊரில் பஸ் நிற்கிறது.

நிஜத்தில் கொடியன்குளம் யாரையும் கொல்லவில்லை. அரசு அறிவித்த நிவாரணத்தை அந்த மக்கள் வாங்க மறுத்தார்கள். கோமதிநாயகம் விசாரணை ஆணையம் வந்தது. அடுத்த வருடத் தேர்தலில் ஒட்டப்பிடாரம் தொகுதியில் டாக்டர் கிருஷ்ணசாமி வென்று சட்டமன்றம் போனார். வீடு உடைந்து கிடக்கிறபோது கொடுக்கிற பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு திடம் வேண்டும்! அந்த மறுப்பு திரையில் வரவில்லை. வாள் வந்தது. மறுப்பைப் படமாக்குவது கஷ்டம். ஒரு தலையாட்டல், மூடிய கதவு, அவ்வளவுதான் கிடைக்கும். வாளுக்கு இசை இருக்கிறது, மீனை வெட்டும் சடங்கு இருக்கிறது, தியேட்டரில் விசில் இருக்கிறது.

இதற்கு ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லவேண்டும். நிஜத்தில் கிடைக்காத தீர்ப்பைக் கதையில் கொடுப்பது நாட்டார் மரபு. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கி, கொன்றவர்களைப் பழிவாங்கவைத்துத்தான் எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுகள் முடியும். ‘கர்ணன்’ அந்த வரிசையில் வருகிறது. மகாபாரதப் பெயர்களும் காட்டுப் பேச்சியும் இருப்பதால் அந்த முடிவுக்கு உரிமை இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உரிமை பொடியன்குளத்துக்குத்தான். தொடக்கத்தில் ஓர் ஆண்டைப் போட்டு, அதையும் திருத்தி, நிஜத்தின் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டிருக்கும்போது கொடியன்குளத்துக்காரர்கள் செய்ததற்கும் ஒரு காட்சியாவது கொடுத்திருக்கலாம்.

*

பெயரை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. அது பொய்த்த கதையும் பழசு. ரஸ்புதின் கொலையை வைத்து எம்.ஜி.எம். நிறுவனம் 1932-இல் ஒரு படம் எடுத்தது. கொன்றவர்களில் ஒருவரான பெலிக்ஸ் யூசுபோவின் பெயரை மாற்றினார்கள். அவர் மனைவி இரினாவைப் போன்ற பாத்திரத்துக்கு நடாஷா என்று பெயர். நடாஷாவை ரஸ்புதின் கெடுத்ததாகக் கதை போனது. இரினா லண்டனில் வழக்குப் போட்டார். 1934-இல் ஜெயித்தார். பெயர் நடாஷாவாக இருந்தாலும் அது இவர்தான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும் என்பதை ஜூரி ஏற்றுக்கொண்டது. படத்தில் வருவன எல்லாம் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல என்று நாம் இன்றைக்கும் பார்க்கிற அட்டை பரவியது அதற்குப் பிறகுதான். அந்தக் கதையில் பெயர் மாறியது, சம்பவத்தை வேண்டுமென்றே சேர்த்தார்கள். மாட்டியது சேர்த்த இடத்தில்.

நம் ஊரில் ‘ஜெய் பீம்’ இதற்கு மறுபக்கம். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த காவல் மரணம் அந்தப் படத்தின் மூலம். ராஜாக்கண்ணுவின் பெயரும் வழக்கறிஞர் சந்துருவின் பெயரும் அப்படியே இருந்தன. பார்வதி செங்கேணி ஆனார். குறவர் சமூகம் இருளர் ஆனது. உதவி ஆய்வாளரின் நிஜப் பெயர் கிறிஸ்தவப் பெயர். படத்தில் அவர் குருமூர்த்தி. அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு சமூகத்தின் அடையாளமான அக்னிக் குண்டம் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அந்தப் படத்தை மாற்றினார்கள். வில்லனின் பெயர் பற்றியும் நாட்காட்டி பற்றியும் எத்தனை விவாதம்! குறவரை இருளர் ஆக்கியது பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு சத்தம்கூட எழவில்லை. பாதிக்கப்பட்ட சமூகத்தின் பெயர் மாறியதைவிட அடித்தவரின் சுவரில் இருந்த படம் பெரிய விஷயமாக இருந்தது.

பேரை மாற்று என்று சொல்ல முடிகிறவர் யார்? பின்னால் சங்கமோ கட்சியோ வக்கீலோ இருக்கிறவர். எதுவும் இல்லாதவரின் பெயரை என்னவாக வைத்தாலும் தபால் வராது. குற்றக் கதைகளைத் திருத்துகிறபோது முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இந்த மாற்றத்தால் யாருக்கு நிம்மதி? அடிபட்டவருக்கு என்றால் தாராளமாக மாற்றலாம். அடித்தவருக்கு என்றால் அது திருத்தம் இல்லை.

*

அண்ணாச்சியின் கட்டுக்குத் திரும்புகிறேன். மோத்தாவை முத்துக்குமார் ஆக்கியது சரியா என்று இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் தரப்புக்கு நிம்மதி. ஆனால் கடற்கரைக்காரர்கள் கோபப்பட்டால் அதிலும் நியாயம் உண்டு. சினிமாவில் கடற்கரை என்றால் கடத்தல்காரன், கழுத்தில் சிலுவை, கையில் கத்தி என்று ஐம்பது வருடமாகப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள்.

அப்புறம்தான் எங்கள் கதையில் கடற்கரைப் பெயர் இருக்கும் ஒரே ஆள் வில்லன் என்பது உறைத்தது. துப்பறியும் இன்ஸ்பெக்டர் மதுரைக்காரர். வள்ளத்தைப் பார்த்த கிழவி, வெறும் கிழவி. சாட்சி, வெறும் பையன். வண்ணநிலவன் ‘கடல்புரத்தில்’ எழுதியபோது பிலோமிக்கும் குரூஸ் மிக்கேலுக்கும் மரியம்மைக்கும் சாமிதாசுக்கும் பெயர் கொடுத்தார். நல்லவர்களும் கெட்டவர்களும் குடிகாரர்களும் அதே கரையின் பெயர்களோடு இருந்தார்கள். அதனால் யாரும் அதைத் தங்கள் மேல் எறிந்த கல்லாக நினைக்கவில்லை. ஒருத்தனுக்கு மட்டும் பெயர் இருந்தால் அது குற்றச்சாட்டு. எல்லாருக்கும் இருந்தால் அது ஊர்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"செத்துப்போறவனுக்கு நம்ம என்ன பேரு வச்சோம் தம்பி?" என்றார்.

நான் பக்கங்களைப் புரட்டினேன். முதல் காட்சியில் ‘கூலிக்காரன், வயது 30’ என்று இருந்தது. பிணமாகக் கரையொதுங்கும் காட்சியிலும் ‘கூலிக்காரன்’ என்றே இருந்தது. நூற்றுப்பத்துப் பக்கக் கதை முழுக்க அவனுடைய சாவைப் பற்றியது. மூன்று பிரதி திருத்தியிருக்கிறோம். தயாரிப்பாளர் தரப்பில் நாலு பேர் படித்திருக்கிறார்கள். அவனுக்குப் பெயர் இல்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

மோத்தாவை மறுபடி மோத்தா ஆக்கினோம். கிழவிக்கும் சாட்சிக்கும் பெயர் வைத்தோம். இன்ஸ்பெக்டரை ஊர்க்காரர் ஆக்கினோம். அதெல்லாம் ஒரு நாள் வேலை. செத்தவனுக்குப் பெயர் வைக்கத்தான் இரண்டு வாரம் ஆனது. பெயர் வைத்ததும் அவனுக்கு ஒரு தெரு வேண்டியிருந்தது, தெரு வந்ததும் ஓர் அம்மா வந்தாள். அவன் ஞாயிற்றுக்கிழமை அந்த வள்ளத்தில் ஏன் ஏறினான் என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். இதுவரை அந்தக் கேள்விக்கு எங்கள் கதையில் பதில் இல்லை. இரண்டாம் பாதி முழுவதையும் மாற்றி எழுதவேண்டியதாயிற்று.

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் அண்ணாச்சி போன் பண்ணினார். அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு காட்சி எழுதியிருப்பதாகச் சொன்னார்.